பாண்டாக் காடுகளில் மனித இடையூறு: எண்ணிக்கை கூடியும் கவலை தீராதது ஏன்?

"பாண்டாக்களின் எண்ணிக்கை கூடிவிட்டது, ஆபத்துப் பட்டியலில் ஒரு படி இறக்கியும் விட்டார்கள், சீனாவில் மரம் வெட்டுவது நின்றே பல ஆண்டுகள் ஆகின்றன, அப்படியிருக்க மனித இடையூறு என்று இன்னமும் எதைச் சொல்கிறார்கள்? காட்டுக்குள் இருக்கும் ஊர்களை வெளியே கொண்டுவந்துவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கான விடை, ஒரு காடு மேலிருந்து பார்க்கப் பசுமையாக இருப்பதும் அது பாண்டாவுக்குப் பயன்படுவதும் வெவ்வேறு என்பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு வோலோங் என்ற ஒரே காப்பகத்தின் கதையே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். எனவே அந்தக் காப்பகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாண்டாக்கள் இன்று காட்டில் வாழ்வது சிச்சுவான், ஷான்சி, கான்சு ஆகிய மூன்று மாகாணங்களின் ஆறு மலைத்தொடர்களில் மட்டுமே. 2011 முதல் 2014 வரை நடந்து, 2015 பிப்ரவரியில் முடிவு வெளியான நான்காம் தேசியக் கணக்கெடுப்பின்படி அவற்றின் எண்ணிக்கை 1,864. மின்ஷான் மலைகளில் 797, சியோங்லாயில் 528, சின்லிங்கில் 347, லியாங்ஷானில் 124, தாசியாங்லிங்கில் 38, சியாவோசியாங்லிங்கில் 30 என்று அது பிரிகிறது. கடைசி இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவை தேவைப்படும்.

இந்த விலங்கின் உடல் எப்படி இயங்குகிறது என்பது தெரியாமல் இடையூறு என்றால் என்னவென்று புரிந்துகொள்ள முடியாது. கரடிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஊனுண்ணிக்குரிய குட்டையான குடல் கொண்ட இந்த விலங்கு ஏறக்குறைய முழுக்க மூங்கிலையே தின்று வாழ்கிறது. தின்றதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே அதற்குச் செரிக்கிறது. அதனால் நாளின் பாதிப் பொழுதைத் தின்பதிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. மற்றக் கரடிகளைப் போலக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் உறங்கவும் அதனால் முடியாது. பனி கொட்டும் மாதங்களிலும் அன்றாடம் தின்றாக வேண்டும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அதே எடையுள்ள பாலூட்டி ஒன்று ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் சுமார் 38 விழுக்காட்டை மட்டுமே பாண்டா செலவிடுகிறது என்று அளந்து காட்டியது. வரவு குறைவு என்பதால் செலவையும் அந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்ட குடும்பம் போன்றது அதன் உடல். அப்படிப்பட்ட விலங்கு செங்குத்தான சரிவில் ஏறி இறங்குவதைத் தவிர்த்து, மூங்கில் அடர்ந்த மென்சரிவுகளையே நாடுவதில் வியப்பில்லை. ஆள் நடமாட்டம் கண்டு ஒவ்வொரு முறையும் எழுந்து இடம் மாறுவதும் அதற்குச் சிறிய செலவன்று.

சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. உழவருக்கும் மென்சரிவுதான் வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் அதுவேதான் வேண்டும். சாலை போடுபவரும் பள்ளத்தாக்கைத்தான் தேடுவார். சின்லிங் மலைகளில் ஏறத்தாழ 1,300, 1,400 மீட்டர் உயரம் வரை விளைநிலம் ஏறிவிட்டதால் பாண்டாவின் காடு அதற்கு மேலேதான் தொடங்குகிறது. மற்ற மலைகளிலும் உயரங்கள் சற்று மாறுமே தவிர, கீழ்க்கோட்டை மனிதரே வரைந்திருக்கிறார்கள் என்பதில் மாற்றமில்லை. ஒரு காலத்தில் தெற்குச் சீனாவின் பெரும்பகுதியிலும் வியட்நாம், மியான்மர் வரையிலும் பாண்டாக்கள் இருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. 'மலைவாழ் விலங்கு' என்று நாம் இன்று பழக்கத்தில் சொல்வதில் ஒரு பகுதி, தாழ்நிலங்களை அது இழந்ததால் வந்த அடைமொழி என்றே நான் கருதுகிறேன்.

கீழ்நிலம் கைவிட்டுப் போனதன் விளைவு சாதாரண ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் பூக்கும் ஆண்டில்தான் தெரியும். மூங்கிலரிசி என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஓர் இன மூங்கில் ஒரு மலைப்பகுதி முழுவதும் ஒரே காலத்தில் பூத்து, விதைத்து, மடிந்துவிடுகிறது, விதை முளைத்து மறுபடி பாண்டாவுக்கு உணவாகும் அளவுக்குத் தழைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரே மலையின் வெவ்வேறு உயரங்களில் வெவ்வேறு இன மூங்கில்கள் இருப்பதால், முற்காலத்தில் மேலே ஓர் இனம் மடிந்தபோது பாண்டா கீழே இறங்கி மற்றோர் இனத்தைத் தின்றிருக்கும், அல்லது பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலைக்குப் போயிருக்கும். 1970-களின் நடுவில் மின்ஷான் மலைகளில் மூங்கில் பூத்து மடிந்தபோது கீழே வயலும் ஊரும்தான் இருந்தன. அப்போது குறைந்தது 138 பாண்டாக்கள் இறந்துகிடந்ததாகக் கணக்கிட்டார்கள். பூத்தல் இயற்கையான நிகழ்வுதான். பட்டினிச் சாவாக அதை மாற்றியதில் அடைபட்ட வழிகளுக்கும் பங்குண்டு. 1983-இல் சியோங்லாய் மலைகளில் இதே போலப் பூத்தபோது, பட்டினியிலிருந்து மீட்பதாகச் சொல்லி ஏராளமான பாண்டாக்களைப் பிடித்துக் கூண்டுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் பலவற்றை அப்படிப் பிடித்திருக்கத் தேவையே இல்லை என்று, அந்தக் காலத்தில் வோலோங்கில் சீன அறிஞர் ஹூ ஜின்ச்சுவுடன் சேர்ந்து களஆய்வு செய்த ஜார்ஜ் ஷாலர் பின்னாளில் கடுமையாகக் குறை சொன்னார். உதவி என்ற பெயரிலும் இடையூறு நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மரவெட்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குச் சிச்சுவானின் காடுகள் அரசு மரவெட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. 1998 கோடையில் யாங்சி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றின் மேற்புறக் காடுகளில் இயற்கை மரங்களை வெட்டுவது தடை செய்யப்பட்டது; அதோடு சரிவு நிலங்களில் பயிரிடுவதை நிறுத்தி மரம் நடுபவர்களுக்குத் தானியமும் பணமும் தரும் திட்டமும் வந்தது. இந்த இரண்டும் பாண்டாவுக்குப் பெரும் நன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வெட்டு நின்றதும் காடு பழைய காடாகிவிடாது. பாண்டாத் தாய் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நூறு கிராம் அளவேயுள்ள, கண்திறவாத குட்டியை ஈன்று, பல வாரங்கள் அதை அணைத்தபடியே கிடப்பதற்கு ஒரு பொந்து வேண்டும். அத்தகைய பொந்து விழும் அளவுக்குப் பருத்த மரம் உருவாக நூறாண்டுகளுக்கும் மேல் ஆகும். பருத்த மரங்கள் போய்விட்ட இடங்களில் பாறைக் குகைகளைத்தான் அது தேட வேண்டியிருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து, மூங்கில் இருப்பதற்கு இணையாகக் காட்டின் முதுமையும் பாண்டா இருப்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. ஒரே சீராக நடப்பட்டு வளர்ந்த இளங்காட்டில் வானை மறைக்கும் அளவுக்குக் கிளைகள் நெருங்கி, கீழே மூங்கிலே தலையெடுக்காமல் போவதும் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே பச்சைதான்.

இனி வோலோங். சிச்சுவானில் சியோங்லாய் மலைகளில் 1963-இல் சிறிய அளவில் தொடங்கப்பட்டு, 1975-இல் 2 லட்சம் ஹெக்டேராக விரிவாக்கப்பட்ட இந்தக் காப்பகம், சீனப் பாண்டாப் பாதுகாப்பின் முகப்பு என்றே சொல்லலாம். பணமும் ஆய்வாளர்களும் வெளிநாட்டு விருந்தினரும் குவிந்த இடம். 2001-இல் ஜியாங்குவோ லியுவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அந்த முகப்பின் பின்புறத்தைக் காட்டியது. காப்பகமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்ததைவிட, அறிவிக்கப்பட்ட பிறகுதான் பாண்டா வாழிடம் வேகமாகக் குறைந்தது. காப்பகத்துக்கு வெளியே இருந்த காடுகளின் இழப்புக்கு இணையாகவும் சில இடங்களில் அதைவிட மிகுதியாகவும் உள்ளே இழப்பு இருந்தது. பெரிய நிறுவனம் எதுவும் உள்ளே புகுந்து வெட்டவில்லை. உள்ளேயே வாழ்ந்த திபெத்திய, சியாங், ஹான் இனங்களைச் சேர்ந்த சில ஆயிரம் உழவர்களின் அன்றாட வாழ்க்கைதான் காரணம்.

அந்த அன்றாடத்தைக் கவனித்தால் வியப்பான செய்திகள் கிடைக்கின்றன. 1975 முதல் 1995 வரையிலான 20 ஆண்டுகளில் வோலோங்கின் மக்கள்தொகை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கூடியது. வீடுகளின் எண்ணிக்கையோ இரு மடங்குக்கும் மேலாகிவிட்டது. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து தனித்தனி அடுப்பு மூட்டியதால் வந்த வேறுபாடு அது. விறகைப் பொறுத்தவரை, ஒரு வீட்டில் நால்வர் இருந்தாலும் எண்மர் இருந்தாலும் அடுப்பும் குளிர்காயும் தீயும் ஏறத்தாழ ஒரே அளவு விறகைத்தான் கேட்கும். ஆகவே ஆட்களின் எண்ணிக்கையைவிட அடுப்புகளின் எண்ணிக்கையே காட்டைத் தின்றது. அதிலும் பன்றிகளுக்குத் தீனி வேகவைக்கவே விறகில் ஒரு பெரும்பங்கு செலவாயிற்று என்பது, வெளியிலிருந்து திட்டம் போடுபவர் எளிதில் ஊகிக்க முடியாத செய்தி. ஊருக்கு அருகில் விறகு தீர்ந்ததும் மக்கள் மேலே ஏறினார்கள். மேலே இருந்தது பாண்டாக் காடு.

மின்சாரம் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். மின்சாரம் இருந்தது. ஆனால் அதன் விலை, அடிக்கடி ஏற்பட்ட தடை, அடுப்பைத் தாங்காத குறைந்த மின்னழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து, வெட்டிக்கொள்ள உடலுழைப்பு மட்டுமே போதுமான விறகை விட்டு மக்களை மாறவிடவில்லை என்று அந்தக் குழுவின் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 2000-க்குப் பிறகு மரவெட்டுத் தடைத் திட்டத்தின் கீழ், வோலோங்கில் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காவல் பொறுப்பைக் குடும்பங்களிடமே கொடுத்து, தங்கள் துண்டில் திருட்டு வெட்டு இல்லையென்றால் பணம் என்று ஏற்பாடு செய்தார்கள். வெட்டியவர்களே காவலர்களானார்கள், காடு மீளவும் தொடங்கியது. பாண்டாப் பாதுகாப்பு வரலாற்றில் சொல்லிக்கொள்ளத்தக்க வெற்றிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த வெற்றியோடு கதை முடியவில்லை. வோலோங் உழவர்களுக்குக் குதிரை வளர்க்கும் வழக்கம் இருந்ததில்லை. காப்பகத்துக்கு வெளியே இருந்த நண்பர்கள் குதிரையில் காசு பார்ப்பதைக் கண்டு அவர்களும் வாங்கி, மலையில் அவிழ்த்துவிட்டார்கள். தீனிச் செலவில்லை, மேய்ப்பார் தேவையில்லை. பணம் தேவைப்படும்போது மேலே போய்ப் பிடித்துவந்து விற்றுக்கொள்ளலாம். வங்கியில் போட்டு வைத்த பணம் போலத்தான் அவர்கள் குதிரையைக் கருதினார்கள். 1998-இல் 25 ஆக இருந்த குதிரைகள் 2008-க்குள் 350 ஆகிவிட்டன. இவற்றை ஆராய்ந்த வனெஸ்ஸா ஹல்லும் அவருடைய குழுவினரும் குதிரைகளுக்கே இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்தபோது, குதிரை விரும்பும் இடமும் பாண்டா விரும்பும் இடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன: மென்சரிவு, மூங்கில் நிறைந்த காடு. பாண்டா தனித்து மேயும் விலங்கு. குதிரைகளோ கூட்டமாக வந்து ஒரே இடத்தை வழித்துவிட்டுப் போகும். அந்த ஆய்வின் முடிவுகளைக் கண்ட காப்பக நிர்வாகம் குதிரைகளைத் தடை செய்து வெளியேற்றியது. ஒரு மரம்கூட வெட்டுப்படாமல் பாண்டா வாழிடம் எப்படிப் பறிபோகும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்தக் குதிரைகளைத்தான் சொல்வேன்.

குதிரைச் செய்தி வோலோங்குக்கு மட்டும் உரியதன்று. நான்காம் கணக்கெடுப்பில் களப்பணியாளர்கள் காட்டுக்குள் மிகப் பரவலாகக் கண்ட இடையூறு கால்நடை மேய்ச்சல்தான். மின்ஷான் மலைகளில் உள்ள வாங்லாங் காப்பகத்தில் 15 ஆண்டுகளுக்குள் கால்நடைகள் ஒன்பது மடங்காகப் பெருகி, பாண்டாவின் வாழிடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கெடுத்துவிட்டன என்று 2017-இல் பின்பின் லியும் அவருடன் சேர்ந்தோரும் எழுதினார்கள். மாடு தின்பதோடு நிற்பதில்லை. மூங்கிலை மிதித்து ஒடிக்கிறது, முளையை நசுக்குகிறது, மண்ணை இறுக்குகிறது. மரம் வெட்டவும் கூடாது, சரிவில் பயிரிடவும் கூடாது என்ற பிறகு மலைக்குடிக்கு எஞ்சிய வருவாய்களில் மந்தையும் ஒன்று என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஓர் இடையூறைத் தடுத்த நல்ல சட்டமே அடுத்த இடையூறுக்கு வழி திறந்துவிட்டது என்பது கசப்பானாலும் உண்மை.

காலத்துக்குக் காலம் வந்துபோகும் இடையூறுகளும் உண்டு. வசந்தத்தில் முளைக்கும் மூங்கில் குருத்துதான் ஆண்டிலேயே பாண்டாவுக்குக் கிடைக்கும் சத்தான உணவு. அதைத் தேடித்தான் பல இடங்களில் அது கீழ்ச்சரிவுகளுக்கு இறங்குகிறது. சந்தையில் விலைபோகும் அதே குருத்துக்காக மக்கள் காட்டுக்குள் வருவதும் அதே வாரங்களில்தான். இனச்சேர்க்கைக் காலமும் வசந்தமே. பெண் பாண்டா கருவுறத் தக்க நாட்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்றே. மருந்து வேர் தோண்டுவோர் மேல்மலைகளில் நாள்கணக்கில் கூடாரம் அடித்துத் தங்கி, அங்கேயே மரம் வெட்டிச் சமைப்பார்கள். கஸ்தூரி மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த சுருக்குக் கண்ணிகள் பாண்டாவின் காலையும் இறுக்கியிருக்கின்றன. பாண்டாவை வேட்டையாடுவது கடும் தண்டனையால் மிகவும் அருகிவிட்டது. ஆனால் கண்ணிக்கு ஆள் பார்த்து விலகத் தெரியாது.

இதுவரை சொன்னவை எல்லாம் கிராமத்தின் அளவில் நடப்பவை. சாலையும் அணையும் வேறு அளவில் நடப்பவை. நான்காம் கணக்கெடுப்பு, பாண்டா வாழும் பகுதிகளுக்குள் 319 நீர்மின் நிலையங்களையும் 1,339 கிலோமீட்டர் சாலைகளையும் பதிவு செய்தது. சாலையின் அகலம் பத்து மீட்டராக இருக்கலாம். பாண்டா அதைவிட்டு விலகி நிற்கும் தொலைவு அதைப் போலப் பல மடங்கு. சாலையோரம் கடை வரும், கடைக்குப் பின்னால் வயல் வரும், வயலுக்கு நாய் வரும். நாய்களோடு நாய்க்கொள்ளை நோய் வரக்கூடும் என்பது வெறும் அச்சமன்று: 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் ஷான்சி மாகாண மையம் ஒன்றில் வளர்ப்புப் பாண்டாக்கள் சில அந்த நோயால் இறந்தன.

இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 38, 30 என்ற எண்கள் வருகின்றன. ஆறு மலைத்தொடர்களும் ஆறு கூட்டங்களாகக்கூட இல்லை. சாலையும் ஊரும் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அவற்றை 33 குழுக்களாகத் துண்டாடியிருக்கின்றன, அவற்றில் 22 குழுக்களில் 30-க்கும் குறைவான பாண்டாக்களே இருக்கின்றன. பாலூட்டிகளில் பொதுவாக வளர்ந்த ஆண்தான் பிறந்த இடத்தைவிட்டு வெளியேறும்; பாண்டாக்களில் பெரும்பாலும் பெண் வெளியேறுகிறது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அந்த இளம்பெண் கடக்க வேண்டிய பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை குறுக்கிட்டால், ஒரு பக்கத்தில் நெருங்கிய உறவினரோடு இனம்சேரும் நிலையும், மறுபக்கத்தில் துணையற்ற ஆண்களும் மிஞ்சும். சியாவோசியாங்லிங் போன்ற சிறு குழுக்களுக்கு வெளியிலிருந்து புதிய இரத்தம் சேர்க்கத்தான் 2009-இல் லூசின் என்ற மீட்கப்பட்ட பெண் பாண்டாவை லிசிபிங் காப்பகத்தில் விட்டார்கள். 2012-இல் தாவ்தாவ் என்ற, கூண்டில் பிறந்து காட்டு வாழ்க்கைக்குப் பயிற்சி பெற்ற ஆண் பாண்டாவையும் அங்கேயே விட்டார்கள். ஒரு பள்ளத்தாக்கை மூடிவிட்டு, அதைக் கடந்திருக்க வேண்டிய விலங்கை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டிய நிலை இது.

சாலையால் வந்த கேட்டைச் சாலைப் பொறியியலே ஓரளவு சரிசெய்யவும் முடிகிறது. சின்லிங் மலையில் 108-ஆம் தேசிய நெடுஞ்சாலைக்குச் சுரங்கப்பாதை அமைந்ததும் மலைமேல் சென்ற பழைய சாலையில் வண்டிப் போக்குவரத்து நின்றது. அங்கே மூங்கில் நட்டு, பிரிந்திருந்த இரு குழுக்களையும் இணைக்கும் வழித்தடமாக அதை மாற்றினார்கள். 2012-இல் திறக்கப்பட்ட யாஆன்-சிசாங் விரைவுச்சாலை தாசியாங்லிங் மலையில் உள்ள நிபாஷானைச் சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகவே கடக்கிறது. மேலே காடு பிரியாமல் இருக்கிறது. யானை வழித்தடங்களைப் பற்றிய வாதங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, வழித்தடம் என்றால் வரைபடத்தில் கோடு போடுவது என்ற எண்ணம் வந்துவிட்டது. அங்கே அது மூங்கில் நடுவதும் பழைய தாரைக் கைவிடுவதுமாக இருக்கிறது.

2008 மே 12-இல் வென்ச்சுவானை மையமாகக் கொண்டு வந்த பெரும் நிலநடுக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 69,000-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்ற அந்த அதிர்ச்சியில், மின்ஷான், சியோங்லாய் மலைகளின் சரிவுகள் மூங்கிலோடும் மண்ணோடும் சரிந்து விழுந்தன. அது மனிதர் செய்ததன்று. ஆனால் அதற்குப் பிந்திய மறுகட்டுமானத்துக்குக் கல்லும் மணலும் மரமும் அதே பள்ளத்தாக்குகளிலிருந்துதான் வந்தன. வருவாய் இழந்த குடும்பங்கள் மறுபடி காட்டையே நாடின. ஏற்கெனவே துண்டான வாழிடத்தில் இயற்கைச் சீற்றம் விழும்போது விலகிப் போக இடம் மிஞ்சியிருக்காது. மூங்கில் பூத்த ஆண்டுகளில் நடந்ததும் இதுவேதான்.

சரி, எண்ணிக்கை கூடியதாகச் சொல்வது பொய்யா? பொய்யன்று, அதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பேன். மூன்றாம் கணக்கெடுப்பில் 1,596 ஆக இருந்தது நான்காவதில் 1,864 ஆனது. எச்சத்தில் கிடக்கும் மூங்கில் துணுக்குகளின் நீளத்தை வைத்து ஒரு பாண்டாவிடமிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் பழைய முறை கரடுமுரடானது. 2006-இல் வாங்லாங்கில் எச்சத்தின் மரபணுவைக் கொண்டு எண்ணியபோது 66 பாண்டாக்கள் தெரிந்தன. முன்பு அங்கே எண்ணியது 27. முறையும் தேடும் பரப்பும் மாறினால் எண்ணும் மாறும். 2016 செப்டம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து 'ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது' என்ற நிலைக்கு இறக்கியபோது, அதை அவசரம் என்று சொல்லி ஏற்க மறுத்தது சீனாவின் வனத்துறையே. அடுத்த ஆண்டு வெளியான ஒரு தொலையுணர்வு ஆய்வு, 1976 முதல் 2001 வரை வாழிடம் 4.9 விழுக்காடு குறைந்ததாகவும், அதன் பின் 2013 வரை 0.4 விழுக்காடே மீண்டதாகவும் கணக்கிட்டது. 2001 வரையிலான அதே காலத்தில் வாழிடத் துண்டுகளின் சராசரிப் பரப்போ 24 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருந்தது. மொத்தப் பரப்பை மட்டும் பார்ப்பவருக்கு 4.9 பெரிதாகத் தோன்றாது. பாண்டாவின் வாழ்வைப் பாதிப்பது அந்த 24.

பாண்டாவுக்காகக் காட்டைக் காத்தால் மற்ற எல்லா விலங்குகளும் குடையின் கீழ் நிற்பது போலக் காக்கப்படும் என்ற கருத்தும் முழுமையானதன்று. 2020-இல் வெளியான ஆய்வின்படி, பாண்டாப் பகுதிகளில் 1960-களுக்குப் பிறகு சிறுத்தை தன் இடத்தில் 81 விழுக்காட்டையும், ஓநாய் 77-ஐயும், செந்நாய் 95-ஐயும் இழந்துவிட்டன. முதுமலையில் நாம் காணும் அதே இனச் செந்நாய் அங்கே ஏறத்தாழ இல்லாமற்போய்விட்டது. பாண்டா கிடைத்ததைக் கொண்டு சிறிய பரப்பில் வாழ்ந்துவிடும். பெரும்பரப்பில் அலைந்து இரை தேடும் விலங்கு, அதே அளவு இடையூறைத் தாங்காது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 12-இல் முறைப்படி அறிவிக்கப்பட்ட பெரும்பாண்டா தேசியப் பூங்கா, மூன்று மாகாணங்களில் சிதறிக்கிடந்த காப்பகங்களையும் அவற்றுக்கு இடையே யாருடைய பொறுப்பிலும் இல்லாதிருந்த நிலங்களையும் சுமார் 22,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. துண்டாடலே தலையாய சிக்கல் என்று ஒப்புக்கொண்டதன் விளைவு அது என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பரப்புக்குள் ஊர்கள் இருக்கின்றன, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் தூக்கி வெளியே வைப்பது நடக்கக்கூடியதாகவோ நேர்மையானதாகவோ எனக்குத் தோன்றவில்லை. மேலும், ஒரு சுற்றுலா விடுதிக்காகவோ அணைக்காகவோ வழி திறந்துவிட்டு உழவரை மட்டும் வெளியேற்றினால் பாண்டாவுக்கு என்ன இலாபம்?

வோலோங் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். முதியவர்கள் ஊரைவிட்டுப் போக விரும்புவதில்லை. போனாலும் வெளியில் பிழைக்கத் தெரியாமல் திரும்பிவிடுவார்கள். இளையோரோ படிப்பும் வேலையும் கிடைத்தால் தாமாகவே வெளியேறி அங்கேயே தங்கிவிடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரும் குறைவு. ஆகவே ஒட்டுமொத்தமாகக் குடிபெயர்ப்பதைவிட, காப்பகத்துப் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப உதவுவது செலவும் குறைவு, பலனும் அதிகம் என்று அவர்கள் கணித்தார்கள். ஓர் இளைஞர் வெளியூரில் வேலைக்குப் போனால் வீட்டில் விறகு வெட்டும் கை ஒன்று குறைகிறது. அவர் அனுப்பும் பணத்தில் மின் அடுப்பு வாங்க முடிகிறது. அவர் திருமணத்துக்குப் பின் மலையில் மூட்டியிருக்கக்கூடிய தனி அடுப்பும் அங்கே எழுவதில்லை.